ஹாமில்டனும் ஜெஃபர்சனும் ஏன் முட்டிக்கொண்டார்கள்? பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது?

உசிலம்பட்டி ஆசிரியர்:

எல்லோருக்கும் வணக்கம். உசிலம்பட்டிப் பக்கம் அரசுப் பள்ளியில் சமூக அறிவியல் எடுக்கிறேன். சனிக்கிழமை சாயங்காலம் போட்டித் தேர்வுக்குத் தயாராகும் பிள்ளைகளுக்கு உலக வரலாறும் நடத்துகிறேன். அமெரிக்கப் புரட்சி வரை சிக்கலில்லை. அதற்கப்புறம் ஒரு மாணவி கேட்டாள்: "சார், பிரிட்டிஷ்காரனை எதிர்த்து ஒண்ணா நின்னவங்கதானே, ஆட்சிக்கு வந்ததும் ஏன் இப்படி அடிச்சுக்கிட்டாங்க?"

வலுவான மத்திய அரசு வேண்டும் என்றார் ஹாமில்டன், மாநில உரிமை என்றார் ஜெஃபர்சன் என்று புத்தகத்தில் உள்ளதைச் சொன்னேன். அவளுக்கு அது போதவில்லை. எனக்கும்தான். பணமா, பதவியா, கொள்கையா? முதல் அதிபர் வாஷிங்டன் ஏன் தடுக்கவில்லை?

அச்சகத்துக்காரர், மதுரை:

வணக்கம் சார். சிம்மக்கல் பக்கம் ஒரு அச்சகத்துல கம்போசிங்ல சேந்து, ட்ரெடில், ஆஃப்செட்னு அங்கேயே வாழ்க்கைய ஓட்டினவன். பெஞ்சமின் ஃபிராங்க்ளினும் அச்சுக் கோத்தவர்னு தெரிஞ்சதுல இருந்து அந்தக் காலத்து அமெரிக்காவ விடாமப் படிக்கிறேன்.

பிள்ளைக்கு முதல்ல கடன் கதையச் சொல்லுங்க. போர்ல நின்ன சிப்பாய்க்குக் காசு குடுக்க வழியில்லாம கடன் பத்திரம் எழுதிக் குடுத்தாங்க. வீட்டுல அடுப்பெரியணுமே, நிறையப் பேர் அதக் கால் விலைக்கும் கீழ வித்துட்டாங்க. வாங்கிக் குவிச்சதுல பெரும்பாலும் நகரத்து வியாபாரிங்க. 1790 ஜனவரியில நிதி அமைச்சர் ஹாமில்டன் அறிக்கை வைக்கிறார்: இன்னைக்குப் பத்திரம் யார் கையில இருக்கோ அவருக்கே முழு மதிப்பு. அப்பத்தான் நாளைக்கு இந்த நாட்டை நம்பி எவனும் கடன் குடுப்பான்ங்கிறது அவர் கணக்கு. பிரதிநிதிகள் சபையில வர்ஜீனியாக்காரர் மேடிசன் எந்திரிச்சு, வித்துட்டுப் போன சிப்பாய்க்கும் ஒரு பங்கு வேணும்னார். ஓட்டெடுப்புல ஆதரவு 13, எதிர்ப்பு 36. தோத்துப்போச்சு. இந்த ரெண்டு பேரும் கொஞ்ச காலத்துக்கு முந்தி, புது அரசியலமைப்புக்கு ஆதரவா ஒரே புனைபெயர்ல கட்டுரை எழுதினவங்க சார்! ஹாமில்டன் கணக்கு பலிச்சது, நாட்டோட கடன் மதிப்பு நிமிந்துச்சு. ஆனாலும் அந்தச் சிப்பாய்க்காகப் பேசின மேடிசன்கிட்டதான் என் மனசு நிக்குது.

அடுத்து மாநிலங்களோட கடன். அதையும் மத்திய அரசே ஏத்துக்கும்னதும் வர்ஜீனியா கொதிச்சுப்போச்சு. அவங்க பெரும்பகுதி அடைச்சுட்டாங்க, அடுத்தவன் கடனுக்கும் எதுக்கு வரி கட்டணும்? 1790 ஜூன்ல, நியூயார்க்ல வெளியுறவு அமைச்சர் ஜெஃபர்சன் வீட்டு விருந்துல ஹாமில்டனும் மேடிசனும் பேசி முடிச்சாங்க. கடன் விஷயத்துல மேடிசன் கடுமை காட்ட மாட்டார், தலைநகரம் தெக்க பொட்டோமாக் ஆத்தங்கரைக்கு வரும். ரெண்டு வருஷம் கழிச்சு, ஹாமில்டன் என்னை ஏமாத்திட்டார்னு ஜெஃபர்சனே வாஷிங்டனுக்கு எழுதுறார். நடுவுல 1791ல தேசிய வங்கி தொடங்கலாமா கூடாதான்னு சண்டை வேற. அதுல வாஷிங்டன் ஹாமில்டன் சொன்னபடி கையெழுத்துப் போட்டார்.

இப்ப என் தொழிலுக்கு வர்றேன். தேர்தல் நேரத்துல எங்க அச்சகத்துல காலையில ஒரு கட்சி பிட் நோட்டீஸ் ஓடும். மத்தியானம் ரோலர மண்ணெண்ணெய் போட்டுத் துடைச்சு, மையை மாத்தி, அதே மெஷின்ல எதிர்க்கட்சி நோட்டீஸ ஏத்துவோம். பில் போட்டமா, காசு வாங்கினமான்னு போயிரும். அப்பத் தலைநகரமா இருந்த ஃபிலடெல்ஃபியாவுல பத்திரிகைக்காரங்களே ஆளுக்கொரு பக்கம். ஃபென்னோ நடத்தின பத்திரிகை ஹாமில்டன் பக்கம், ஃபென்னோவுக்குக் கருவூலத்து அச்சு வேலை போகும். 1791ல ஜெஃபர்சன் தன் வெளியுறவுத் துறையில ஃபிரினோங்கிற கவிஞருக்கு மொழிபெயர்ப்பாளர் வேலை போட்டுக் குடுத்தார், வருஷம் 250 டாலர். அதே ஃபிரினோதான் நேஷனல் கெஜட் ஆரம்பிச்சு ஹாமில்டனக் கிழிகிழின்னு கிழிச்சார். அமைச்சர் சம்பளத்துல இருக்கிற ஆளு, அதே அரசாங்கத்த அடிக்கிறார்! ஹாமில்டன் சும்மா இருப்பாரா? மொழிபெயர்க்கச் சம்பளமா, திட்டுறதுக்குச் சம்பளமான்னு கேட்டு, பேர் போடாம ஃபென்னோ பத்திரிகையில எழுதினார்.

வாஷிங்டன் தடுக்காம இல்ல சார். 1792 ஆகஸ்ட்ல ரெண்டு பேருக்கும் தனித்தனியா, விட்டுக்குடுத்துப் போங்கன்னு கடிதம் போட்டார். ரெண்டு பேர் பதிலும் ஒரே தேதி, செப்டம்பர் 9. ரெண்டுலயும் மத்தவர் மேலதான் புகார். ஃபிரினோ பத்திரிகையில மூணு பிரதி வாஷிங்டன் வீட்டுக்கே போகும். மனுஷன் ஒருநாள் அமைச்சரவைக் கூட்டத்துலயே வெடிச்சுட்டார்னு ஜெஃபர்சன் குறிச்சு வச்சிருக்கார். 1793 கடைசியில ஜெஃபர்சன் பதவிய விட்டுப் போயிட்டார்.

வரலாற்றுத் துறை, மேலூர்:

அண்ணன் கடனிலிருந்து தொடங்கியது மிகச் சரி. ஆனால் பத்திரிகைகளுக்கு அவர் தரும் எடை கொஞ்சம் கூடுதல் என்று நினைக்கிறேன். பத்திரிகை இல்லாவிட்டாலும் சண்டை வந்திருக்கும், ஏனென்றால் தேர்தல் விதியே கோணலாக இருந்தது. அதிபரைத் தேர்ந்தெடுக்க மாநிலங்கள் அனுப்பும் ஒவ்வொரு தேர்வாளருக்கும் இரண்டு ஓட்டு. முதலிடம் வருபவர் அதிபர், இரண்டாமிடம் துணை அதிபர். கட்சி என்ற ஒன்றை எதிர்பார்க்காமல் எழுதிய விதி அது. 1796ல் ஹாமில்டன் கட்சியைச் சேர்ந்த ஆடம்ஸுக்கு 71, ஜெஃபர்சனுக்கு 68. தோற்ற எதிராளியே துணை அதிபராக வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்!

1798ல் ஆடம்ஸ் தரப்பு கொண்டுவந்த ராஜதுரோகச் சட்டத்தையும் பிள்ளைகளிடம் சொல்லுங்கள் சார். அதிபரையும் காங்கிரஸையும் (அவர்கள் நாடாளுமன்றம்) அவதூறாக எழுதினால் சிறை. துணை அதிபருக்கு மட்டும் அந்தப் பாதுகாப்பு இல்லை, அங்கே இருந்தவர் ஜெஃபர்சன். வெர்மான்ட் உறுப்பினர் மேத்யூ லயன் இதில் சிறைக்குப் போய், உள்ளே இருந்தபடியே மறுபடி ஜெயித்தார்.

இன்னொன்றை விட்டுவிடக் கூடாது. சுதந்திரம் பேசிய ஜெஃபர்சனும் மேடிசனும் அடிமைகளை வைத்திருந்தவர்கள். ஓட்டே இல்லாத அடிமைகளை ஐந்தில் மூன்று பங்காகக் கணக்கில் சேர்த்துத்தான் தெற்கு மாநிலங்களுக்குத் தேர்வாளர் எண்ணிக்கை கூடியது. 1800ல் ஜெஃபர்சனின் வெற்றிக்கு அது கைகொடுத்தது. சாதி என்றால் என்ன என்று அனுபவத்தில் தெரிந்த நம் பிள்ளைகளுக்கு இது சட்டென்று புரியும். பூசி மெழுக வேண்டாம்.

உசிலம்பட்டி ஆசிரியர்:

ரொம்ப நன்றி அண்ணே, மேடம். ஒரு சந்தேகம் மட்டும். இவ்வளவு பகை இருந்தும் 1801ல் ஹாமில்டன் ஜெஃபர்சனை ஆதரித்தார் என்று படித்தேன். அது எப்படி?

அச்சகத்துக்காரர், மதுரை:

மேடம் சொன்ன கோணல் விதிதான் காரணம் சார். 1800 தேர்தல்ல ஜெஃபர்சனுக்கும் அதே கட்சி ஆரோன் பர்ருக்கும் தலா 73. முடிவு பிரதிநிதிகள் சபைக்குப் போச்சு. 16 மாநிலத்துல 9 வேணும். ஹாமில்டனோட ஃபெடரலிஸ்ட் கட்சி ஆளுங்க பர்ரத் தூக்கிவிடப் பாத்தாங்க. ஹாமில்டன் மறுத்துக் கடிதமா எழுதித் தள்ளினார். ஜெஃபர்சன்கிட்ட தப்போ சரியோ ஒரு கொள்கை இருக்கு, பர்ருக்குத் தன்னைத் தவிர வேற ஒண்ணும் இல்லைங்கிறது அவர் வாதம். 36ஆவது சுற்றுல, 1801 பிப்ரவரி 17ல, டெலவேர்காரர் பேயர்ட் பர்ரக் கைவிட்டதும் முடிச்சு அவுந்துச்சு. அந்த விதிய 1804ல பன்னிரண்டாம் திருத்தம் போட்டு மாத்தினாங்க.

ஹாமில்டன் பர்ரப் பத்தி ஒரு விருந்துல இழிவாப் பேசினார்னு ஒருத்தர் எழுதின கடிதம், 1804ல ஆல்பனி பத்திரிகை ஒண்ணுல அச்சாச்சு. மேடம் மன்னிக்கணும், திரும்ப அச்சுலதான் வந்து நிக்குது! விளக்கம் குடுன்னார் பர். ஹாமில்டன் பிடி குடுக்காமலே பதில் எழுதினார். ஜூலை 11 காலையில, ஹட்சன் ஆத்துக்கு அக்கரையில வீஹாக்கன்ல துப்பாக்கிச் சண்டை. மறுநாள் ஹாமில்டன் செத்துட்டார். மூணு வருஷத்துக்கு முந்தி அவர் மூத்த மகன் ஃபிலிப்பும் இப்படி ஒரு துப்பாக்கிச் சண்டையிலதான் போனான். பர் அப்ப துணை அதிபர். ரெண்டு மாநிலத்துல வழக்குப் பதிவாகியும், மறு வருஷம் செனட்ல ஒரு நீதிபதி மேல நடந்த விசாரணைக்கு அவரே தலைமை தாங்கினார்.

அந்த செப்டம்பர் 9 கடிதம் ரெண்டும் ஃபவுண்டர்ஸ் ஆன்லைன் தளத்துல இலவசமாக் கிடைக்குது சார். வகுப்ப ரெண்டாப் பிரிச்சு, ஆளுக்கு ஒண்ணு குடுத்து வாசிக்கச் சொல்லுங்க. ஜெஃபர்சனோடது நீளம், அதுக்குக் கொஞ்சம் கூட நேரம் குடுங்க.