‘மேக்ரோ’வுக்குக் ‘கிட்டக்குவியம்’: ஒரு பரிந்துரை

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

கைப்பேசியில் வண்ணத்துப்பூச்சிகளைப் படமெடுப்போருக்காக நாம் தொகுக்கும் சொற்பட்டியலில், சிறு பொருளை மிக அருகிலிருந்து பெரிதாகப் படமெடுக்கும் ‘மேக்ரோ’ (macro) என்பதற்கு ‘நுண்படம்’ என்று எழுதலாம் என்ற கருத்தை என்னால் ஏற்க இயலவில்லை. நுண்ணோக்கி வழியாக எடுக்கும் படத்துக்குத்தான் அச்சொல் பொருந்தும். அதை இங்கே செலவிட்டுவிட்டால் அங்கே வேறு சொல் தேட வேண்டிவரும்.

மற்றொரு பரிந்துரையான ‘மெய்யளவுப் படம்’ என்பது அதைவிடச் சிந்தித்துச் செய்த ஆக்கம். கருவிக்குள் ஒளியை வாங்கிப் படமாக்கும் உணரியின் (sensor) மேல் விழும் உருவம் பொருளின் உண்மையான அளவுக்காவது இருக்க வேண்டும் என்பது ஒளிப்படக் கலையின் பழைய வரையறை. ஆனால் கைப்பேசியின் உணரி விரல் நகத்தளவே இருக்கும். சிறகை விரித்தால் உள்ளங்கையை நிறைக்கும் கறிவேப்பிலை அழகி என்னும் வண்ணத்துப்பூச்சி, முழு உருவமாக அதில் மெய்யளவில் விழ வழியே இல்லை. நடக்காத ஒன்றைப் பெயராக வைக்கக் கூடாது.

கைப்பேசி உண்மையில் செய்வது வேறு. பல கருவிகளில் மேக்ரோவைத் தொட்டவுடன், பரந்த காட்சிக்கான அகல்கோண வில்லை பொறுப்பேற்றுக்கொண்டு, மிக அருகில் உள்ள பொருளின் மேல் குவிகிறது. 2021இல் வந்த ஐபோன் 13 புரோவில் இந்தத் தொலைவு 2 செ.மீ. வரை குறைந்தது. ஆகவே பெயர் உருப்பெருக்கத்தைச் சொல்லாமல் அண்மையைச் சொல்ல வேண்டும் என்பதே என் வாதம்.

ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்து வேலியோரம், பனி விலகி முதல் வெயில் விழுந்த இலையில் வெந்தய வரியன் என்னும் வண்ணத்துப்பூச்சி ஒன்று சிறகை விரித்து அமர்ந்திருந்தது. உடல் சூடேறாமல் அதனால் பறக்க இயலாது என்பதால் இரண்டு விரற்கடை வரை நெருங்கவிட்டது. சிறகின் செதில்கள் நாட்டு ஓடு வேய்ந்த கூரைபோல் வரிசை வரிசையாகத் திரையில் தெரிந்தன; பின்னால் இருந்த காப்பிச் செடியோ வெறும் பச்சைப் புகையாகக் கலைந்துபோயிருந்தது. கிட்டப்பார்வை உள்ளவரின் கண்ணுக்கு உலகம் இப்படித்தான் தெரியும் என்று அப்போது தோன்றியது. கிட்டத்தில் குவிவது என்ற பொருளில் ‘கிட்டக்குவியம்’ என்ற சொல்லும் அதிலிருந்தே பிறந்தது.

‘கிட்ட’ என்பது பேச்சுவழக்கு என்று ஒருவர் தயங்கியிருந்தார். கிட்டுதல் என்றால் நெருங்குதல், பழைய வினைதான். கிட்டப்பார்வை பள்ளிப் பாடநூலிலேயே இருக்கிறது. மேலும், பூச்சியின் நிறத்தைச் சமையலறையிலிருந்து எடுத்து ‘வெந்தய வரியன்’ என்று பெயரிட்ட துறையில், சேலத்துத் தெருவில் நாள்தோறும் புழங்கும் சொல்லுக்குத் தடை சொல்வது எனக்கு நியாயமாகப் படவில்லை.

தொலைவில் நின்றே எடுக்கும் வில்லைக்கு இது பொருந்துமா என்ற கேள்வி வலுவானது. வெயில் ஏறிய பிறகு முழத் தொலைவுக்குள்ளேயே பூச்சி நம்மை விடாது. கைப்பேசியின் நிழல் பட்டாலே எழுந்துவிடும். அப்போது தொலைப்பட வில்லைதான் உதவுகிறது. ஆயினும் எந்த வில்லைக்கும் அதற்கு மேல் நெருங்கினால் படம் கலங்கிவிடும் ஓர் எல்லை உண்டு. அதைக் ‘கிட்டக்குவிய எல்லை’ எனலாம். எல்லை வில்லைக்கு வில்லை மாறுமே தவிரச் சொல் மாறாது. இதில் ‘தொலைவு’ என்று முடிக்காமல் இருப்பது நல்லது, ஏனெனில் ‘குவியத் தொலைவு’ இயற்பியலில் வில்லையின் வேறொரு பண்பைக் குறித்து நிலைபெற்றுவிட்டது.

ககரம் மிக்கே எழுத வேண்டும்: கிட்டக்குவியம், கிட்டக்குவியப் படம். மறுப்பிருந்தால், எருக்கம்பூவில் அமர்ந்த பூச்சியொன்றின் படத்துக்கு அடியில் உங்கள் சொல்லை எழுதிப் பார்த்துவிட்டு அனுப்ப வேண்டுகிறேன்.