துண்டுப்பிரசுரம் கொடுத்தும் ஆட்கள் வரவில்லை, எழுத்தில் என்ன பிழை?

உப்புவெளி:
உப்புவெளியில் நான்கு அறைகள் கொண்ட விடுதி நடத்துகிறேன். தமிழ்க் குடும்பங்களை எண்ணி 500 துண்டுப்பிரசுரங்கள் அச்சடித்து, திருகோணமலை பஸ் நிலையத்திலும் கடைகளிலும் கொடுத்தேன். ஒரு மாதத்தில் மூன்றே அழைப்புகள். மூவரும் கேட்டது கடற்கரை எவ்வளவு தூரம், சாப்பாடு உண்டா என்றுதான். நான் எழுதியிருந்தது இது:

"இயற்கை எழில் கொஞ்சும் உப்புவெளியில், அனைத்து வசதிகளுடனும் கூடிய, மனதிற்கு இதமான சூழலில் அமைந்த எமது விடுதியில் தங்களுக்குச் சிறந்த சேவை வழங்கப்படும்."

இரண்டு இரவுகள் கண்விழித்து எழுதினேன். எங்கே தவறினேன்?

கச்சான் காற்று:
அக்கா, உப்புவெளியை வெட்டிவிட்டு, இன்னொரு கடற்கரை ஊரான பாசிக்குடாவின் பெயரை எழுதிப் பாருங்கள். வசனத்தில் வேறெதையும் மாற்ற வேண்டியிராது. அதுதான் நோய். அழைத்த மூவரும் பிரசுரத்தில் இல்லாததைக் கேட்டிருக்கிறார்கள், அதற்கான விடையை முதல் வரியில் வையுங்கள்.

தமிழில் வினை கடைசியில்தான் வரும். "கூடிய", "அமைந்த" என்று அடுக்கினால் வாசிப்பவர் அதுவரை மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். பிறகு கிடைப்பதோ "வழங்கப்படும்". யார் வழங்குவது? சமைப்பது நீங்கள் என்றால் "சமைத்துத் தருகிறேன்" என்று எழுதுங்கள். உங்கள் முகம் தெரியும்.

நகர்வாசி:
கோணேசர் கோயில், கன்னியா வெந்நீர்க் கிணறுகள் இரண்டின் படத்தையும் போடுங்கள். ஆட்கள் வருவார்கள்.

நிலாவெளி ஓடக்காரன்:
அவை எல்லா விடுதிகளுக்கும் பொது. "காலைப் பூசைக்குப் போகிறவர்களுக்கு ஐந்து மணிக்கே தேநீர்" என்று எழுதினால் கோயிலும் வந்துவிடும், உங்கள் கவனிப்பும் தெரியும்.

நிலாவெளியிலிருந்து படகில் போகும் புறாத்தீவைச் சொன்னால் காலத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். மே முதல் செப்டம்பர் வரை கடல் அமைதியாக இருக்கும். மார்கழி வாடையில் அப்படியல்ல. பிள்ளைகளோடு வந்து, கரையில் நின்று அலையைப் பார்த்துவிட்டுத் திரும்பிய குடும்பங்களை நான் அறிவேன். அவர்கள் உங்கள் பிரசுரத்தை இனி நம்புவார்களா?

உப்புவெளி:
மிக்க நன்றி. திருத்தி எழுதினேன்:

"வாசலிலிருந்து கடலுக்கு மூன்று நிமிட நடை. காலையில் கரைவலையில் வரும் மீனை வாங்கி, மதியத்துக்குச் சுவையான குழம்பு வைத்துத் தருகிறேன். கோயிலுக்குப் போகிறவர்களுக்கு ஐந்து மணிக்கே தேநீர். புறாத்தீவுக்குப் போக மே முதல் செப்டம்பர் வரை வாருங்கள்."

கச்சான் காற்று:
"சுவையான" வேண்டாம் அக்கா. கரைவலை மீன் என்றதுமே எனக்குப் பசிக்கிறது. பாரையோ சூரையோ, மீனின் பெயரைப் போடுங்கள். அறை வாடகையையும் எண்ணில் எழுதுங்கள். அது தெரியாமல் அழைக்கப் பலர் தயங்குவார்கள்.

உப்புவெளி:
பாரை என்றே போடுகிறேன். வாடகையையும் சேர்த்து நாளை அச்சகத்துக்குக் கொண்டுபோகிறேன்.