கல்லிடைக்குறிச்சி வீட்டின் ரெட் ஆக்சைடு தரையைப் பெயர்ப்பதா, அதன்மேல் டைல்ஸ் ஒட்டுவதா?

ஆற்றங்கரைத்தெரு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் பூர்வீக வீடு கல்லிடைக்குறிச்சியில் உள்ளது. ரேழி (நுழைவு நடை), பட்டாசாலை (கூடம்), இரண்டாங்கட்டு, அடுக்களை என நீளவாக்கில் போகும் பழைய வீடு. பட்டாசாலையில் தாத்தா காலத்தில் போட்ட ரெட் ஆக்சைடு தரை (சிவப்பு நிறமி கலந்த சிமெண்டுத் தரை) இன்றும் முகம் பார்க்கும்படி இருக்கிறது. ஆனால் தூணின் அடியிலிருந்து சுவர் மூலை வரை ஒரு விரிசல் ஓடியிருக்கிறது. அடுக்களையில் ஆட்டுரல் கிடந்த இடம் குழிந்து, கழுவிவிடும் தண்ணீர் அங்கேயே தேங்குகிறது.

வரும் தை மாதம் சென்னை வாசத்தை முடித்துக்கொண்டு, 78 வயதான அம்மாவோடு இருப்பதற்காக ஊர் திரும்புகிறோம். அம்மாவுக்கு இரண்டு முழங்காலிலும் வலி. வாக்கர் பிடித்துத்தான் நடக்கிறார். வீடு முழுவதும் நாலுக்கு இரண்டடி அளவில் பளபளப்பான வெள்ளை டைல்ஸ் போட்டு, மைத்துனர் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த கம்பளி விரிப்பைப் பட்டாசாலையில் விரிக்க வேண்டும் என்பது என் மனைவியின் விருப்பம். பழைய தரையின் மேலேயே ஒட்டிவிடலாம் என்கிறார் ஒரு கொத்தனார். பெயர்க்காமல் ஒட்டினால் நிற்காது என்கிறார் இன்னொருவர். அம்மா சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "இந்தத் தரையில கண்ண மூடிக்கிட்டே நடப்பேன்லே." அனுபவமுள்ளவர்கள் வழி சொன்னால் உதவியாக இருக்கும்.

ஓய்வுபெற்ற ஓவர்சியர், பாளையங்கோட்டை எழுதியது:

தம்பி, இரண்டு கொத்தனார்கள் சொன்னதிலும் பாதி உண்மை இருக்கிறது. ஒரு சுத்தியலை எடுத்து, அதன் மரப்பிடியால் பட்டாசாலைத் தரையை முழத்துக்கு ஒரு தட்டாகத் தட்டிக்கொண்டே போங்கள். கெட்டியான ஒலி வரும் இடத்தில் தரை அடித்தளத்தோடு ஒட்டியிருக்கிறது என்று பொருள். வெற்றுப் பானையைத் தட்டியதுபோல் ஒலித்தால் அங்கே மேல்பூச்சு விட்டுப்போயிருக்கிறது. விட்டுப்போன பூச்சின்மேல் எவ்வளவு உயர்ந்த டைல்ஸை ஒட்டினாலும் அது பூச்சோடு சேர்ந்தே கிளம்பும்.

தரை கெட்டியாக இருந்தாலும் அப்படியே ஒட்டிவிட முடியாது. தேங்காய் எண்ணெயும் மெழுகும் போட்டுத் தேய்த்துத் தேய்த்தே உங்கள் தரை இந்தப் பளபளப்பை அடைந்திருக்கும். எண்ணெய் ஏறிய பரப்பில் சிமெண்டும் பிடிக்காது, பசையும் பிடிக்காது. நெருக்கமாகக் கொத்துப் போட்டு, தூசியை முழுவதும் எடுத்த பிறகே ஒட்ட வேண்டும். நீங்கள் சொல்லும் பளபளப்பான பெரிய டைல்ஸ் பெரும்பாலும் விட்ரிஃபைடு வகைதான்; அது நீரை அரை விழுக்காட்டுக்கும் குறைவாகவே உறிஞ்சும். கறை பிடிக்காமல் இருப்பதற்கு அந்தக் குணம் நல்லது. ஆனால் அதே காரணத்தால் வெறும் சிமெண்டுப் பால் அதன் முதுகைக் கவ்வுவதில்லை. ஆகவே டைல்ஸ் பசையை, விளிம்பில் பற்கள் உள்ள பல்கரண்டியால் தரை முழுவதும் பரப்பி ஒட்டச் சொல்லுங்கள். நான்கு மூலையிலும் நடுவிலும் ஐந்து உருண்டை வைத்து அழுத்துவது நம் பக்கத்தில் பழகிப்போன வேலை. உருண்டைகளுக்கு இடையே வெற்றிடம் நின்றுவிடும். பிறகு ஒருநாள் கட்டில் கால் பட்டு டைல்ஸ் உடையும்.

உயரத்தையும் கணக்கில் வையுங்கள். பசையில் ஒட்டினால் தரை அரை அங்குலத்துக்குச் சற்று மேல் உயரும். சிமெண்டுக் கலவையில் பதித்தால் ஒன்றரை அங்குலத்துக்குக் குறையாது. பழைய தேக்குக் கதவுகளின் அடியை இழைக்க வேண்டிவரும். பட்டாசாலையை மட்டும் உயர்த்திவிட்டு ரேழியை அப்படியே விட்டால் நடுவில் ஒரு சின்னப் படி உண்டாகும். உயரமான படியை விட, கண்ணுக்குத் தெரியாத முக்கால் அங்குலப் படிதான் வாக்கர் பிடித்து நடப்பவரைத் தள்ளிவிடும்.

இத்தனையும் சொன்ன பிறகு என் கருத்து: தட்டிப் பார்த்ததில் கெட்டியாக இருந்தால், பட்டாசாலைத் தரையைத் தொடாதீர்கள். சிவப்பு இரும்பு ஆக்சைடைச் சிமெண்டில் கலந்து, நடுவில் நிறுத்தாமல் ஒரே மூச்சில் தேய்த்து முடிக்கும் கைகள் இப்போது அரிது. விரிசலை ஆப்பு வடிவில், மேலே அகலமாகவும் கீழே குறுகலாகவும் வெட்டி, வெள்ளைச் சிமெண்டில் ஆக்சைடு கலந்து அடைக்கலாம். ஈரத்தில் நிறம் அடர்ந்து தெரியும் என்பதால், முதலில் ஓர் ஓட்டுத்துண்டில் பூசி, நன்றாகக் காய்ந்த பின் நிறத்தை ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். எவ்வளவு கவனமாகச் செய்தாலும் அடைத்த கோடு தெரியத்தான் செய்யும். எனக்கு அது குறையாகத் தோன்றியதில்லை.

அடுக்களையின் கதை வேறு. அங்கே பெயர்த்து, மண்ணை இடித்து இறுக்கி, புதிய கான்கிரீட் போட்டு, சொரசொரப்பான மேட் டைல்ஸ் பதியுங்கள்.

வண்ணார்பேட்டை வாசகி எழுதியது:

நான் தரையில் பட்டதைச் சொல்கிறேன். மரத்தரை போலவே இருக்கும் லாமினேட் பலகைகளை ஆசைப்பட்டு எங்கள் வீட்டு முன்னறையில் போட்டிருந்தோம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையில் தாமிரபரணி கரையேறி வந்தபோது வீட்டுக்குள் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றது. தண்ணீர் வடிந்த பிறகு பார்த்தால், மரத்தூளை அழுத்திச் செய்த அந்தப் பலகைகள் ஊறிய அப்பளம்போல் விளிம்பெல்லாம் உப்பி நின்றன. ஒன்றைக்கூடத் திரும்பப் பயன்படுத்த முடியவில்லை. அடுத்த அறையில் இருந்த பழைய மொசைக் தரையோ, சேற்றை அள்ளிக் கழுவியதும் பழையபடி ஆகிவிட்டது. உங்கள் வீடு ஆற்றுக்கு எவ்வளவு தொலைவு என்று தெரியாது. உங்கள் புனைபெயரைப் பார்த்ததும் சொல்லத் தோன்றியது.

வெள்ளை டைல்ஸ் பற்றியும் ஒன்று. உங்கள் மனைவிக்கு அந்த ஆசை வந்ததில் தவறில்லை. பழைய வீடுகளின் நடுக்கட்டு இருட்டாகத்தான் இருக்கும். ஆனால் பளபளப்பான டைல்ஸில் சிந்திய தண்ணீர் கண்ணுக்குத் தெரிவதில்லை. என் மாமியார் விழுந்தது அப்படித்தான். வெளிச்சம்தான் வேண்டுமென்றால் சுவருக்கு வெள்ளையடித்து, கூரையில் இரண்டு கண்ணாடி ஓடு மாட்டிவிட்டால் போதும்.

பாய்முடைவோர் வீட்டுப்பிள்ளை எழுதியது:

கோரைப்பாய்க்குப் பெயர்போன பத்தமடைக்காரன் என்பதால் என் சார்பை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்.

கம்பளி விரிப்பு நம் ஊருக்குச் சரிப்படாது. வெயில் காலத்தில் அதன்மேல் கால் வைக்க முடியாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈரம் இழுத்து வாடை வரும். அதன் தூசியை வெறும் விளக்குமாறு எடுக்காது. கல்லிடைக்குறிச்சியிலிருந்து சேரன்மாதேவியைத் தாண்டினால் எங்கள் ஊர். ஆற்றங்கரையில் விளையும் கோரையை அறுத்து, காயவைத்து, ஓடும் நீரில் ஊறவைத்து, மீண்டும் காயவைத்து, பருத்தி நூல் பாவில் கோத்து நெய்கிறோம். கோரையை மெல்லியதாகக் கீறி நெய்யும் பட்டுப்பாய் துணிபோல் வளையும். அது கல்யாணத்துக்கும் விருந்தினருக்கும் உரியது, தரையில் போட்டு மிதிக்க அல்ல. அன்றாடம் விரிக்கச் சாதாரணக் கோரைப்பாயே போதும்.

ஆனால் அம்மா வாக்கரோடு நடக்கும் வழியில் பாயும் வேண்டாம், ஜமக்காளமும் வேண்டாம். பாயின் ஓரம் சுருண்டால் வாக்கரின் கால் மாட்டிக்கொள்ளும். பவானி ஜமக்காளம் துவைக்க வசதியானது என்றாலும் வழவழப்பான தரையில் சறுக்கும். ஊஞ்சலுக்கு அடியிலோ, பிள்ளைகள் உட்காரும் மூலையிலோ விரித்துக்கொள்ளுங்கள். வேலை முடிந்ததும் பாயைச் சுருட்டி நிமிர்த்தி வைக்க வேண்டும். மடித்தால் மடிப்பில் கோரை ஒடியும். ஈரம் பட்டால் நிழலில் காயப்போட வேண்டும்.

ஆற்றங்கரைத்தெரு எழுதியது:

ஓவர்சியர் அண்ணாச்சி சொன்னபடி நேற்று மாலை முழுவதும் தட்டிப் பார்த்தேன். விரிசலின் இருபுறமும் ஒரு சாண் அகலத்துக்கு மட்டும் வெற்றொலி வருகிறது. மற்ற இடமெல்லாம் கெட்டி. அம்மா ஊஞ்சலில் உட்கார்ந்தபடி, எங்கே எப்படி ஒலிக்கிறது என்று எனக்கு முன்னாலேயே சொல்லிக்கொண்டிருந்தார். மனைவியும் பட்டாசாலையை விட்டுவிட ஒப்புக்கொண்டாள். வெள்ளை டைல்ஸ் மாடியறைக்குப் போகிறது, கம்பளியும் அதோடு போகிறது. குளியலறைக்கு மட்டும் என்ன போடுவது என்று சொல்லுங்கள், அண்ணாச்சி.

ஓய்வுபெற்ற ஓவர்சியர், பாளையங்கோட்டை எழுதியது:

நல்லது தம்பி. வெற்றொலி வரும் அந்தப் பட்டையை மட்டும் நேர்கோட்டில் வெட்டியெடுத்துவிட்டுப் புதிதாகப் பூசுங்கள். வெறுமனே விரிசலை அடைத்தால் போதாது.

குளியலறைக்கு ஓரடிச் சதுர மேட் டைல்ஸ் வாங்குங்கள். பெரிய டைல்ஸைத் தண்ணீர் ஓடும் சரிவுக்கு, அதாவது வாட்டத்துக்கு, வளைக்க முடியாது; சிறியதில் இணைப்புகள் அதிகம் என்பதால் காலுக்கும் பிடிப்பு கிடைக்கும். கடையில் பெட்டியின்மேல் வழுக்குத் தடையின் அளவு ஆர் 10 அல்லது ஆர் 11 என்று அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். அச்சை மட்டும் நம்பாமல், மாதிரி டைல்ஸில் ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றி, செருப்பைக் கழற்றிவிட்டு மிதித்துப் பாருங்கள். வாட்டம் நான்கடிக்கு அரை அங்குலம் இருக்கட்டும். இணைப்புகளை எபாக்சி என்னும் பிசின் கலவையால் அடைத்துவிடுங்கள். உங்கள் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் உப்பாக இருந்தால் கறுப்பு நிறம் வேண்டாம். ஒரு மாதத்தில் வெள்ளை பூத்துவிடும். எல்லாப் பெட்டியிலும் தொகுதி எண் ஒன்றாக இருக்கிறதா என்று சரிபார்த்து, பத்துக்கு ஒன்று கூடுதலாக வாங்கிப் பரணில் போட்டுவையுங்கள்.

வாசலில் இருந்து குளியலறை வரை சுவரில் கைப்பிடிக் கம்பி வைப்பதாக இருந்தால், அதற்கான துளையை டைல்ஸ் ஒட்டுவதற்கு முன்பே கொத்தனாரிடம் காட்டிவிடுங்கள்.