வோர்ஸ்டன்ப்ரோட்யே (நெதர்லாந்தின் கொத்துக்கறி ரொட்டி): முதல் கடி எங்கே, எப்போது?

ஐந்தோவன்வாசி
நெதர்லாந்தில் இந்த ஐந்தோவன் நகருக்கு வந்த முதல் டிசம்பர். காபி நேரத்தில் அலுவலகத் தோழர் ஒருவர் பேக்கரிப் பெட்டியைத் திறந்து வைத்தார். நீளமாக, மேலே பளபளவென்று, பார்த்தால் சாதா பால் பன். கடித்த பிறகுதான் நடுவே விரல் பருமனுக்குக் கொத்துக்கறி இருப்பது தெரிந்தது. காரமே இல்லை; மிளகும் ஜாதிக்காயும் லேசாக மணந்தன. "ரயில் நிலையத்தில் சாப்பிட்டிருக்கிறேனே" என்று வாயை விட்டேன். மனிதருக்கு முகம் சுருங்கிவிட்டது. அங்கே விற்பது சோசைசன்ப்ரோட்யே, நம் பஃப்ஸ் மாதிரி அடுக்கடுக்காக உதிரும். இந்த வோர்ஸ்டன்ப்ரோட்யேவோ ஈஸ்ட் போட்டுப் பொங்கவைத்த ரொட்டி மாவு. நோர்ட் பிராபன்ட் மாகாணத்தாருக்கு இந்த வித்தியாசம் மானப் பிரச்சினை. 2016இல் நெதர்லாந்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலிலேயே இதைச் சேர்த்திருக்கிறார்கள் என்றால் பாருங்கள்.

டில்பர்க் தமிழச்சி
எனக்கு நள்ளிரவுத் திருப்பலி முடிந்த கையோடு. பக்கத்து வீட்டுப் பாட்டி கூப்பிட்டு, சூடாக இரண்டைத் தட்டில் வைத்தார். கிறிஸ்துமஸ் இரவில் இது இங்கே வழக்கம். அந்த ஆசையில் நானும் செய்து பார்த்தேன்: பாதி மாடு, பாதி பன்றி, முட்டை, ரஸ்க் தூள். மாவை ஒட்டிய ஓரத்தை மேல்பக்கமாக வைத்துத் தொலைத்தேன். ஓவனில் வாயைப் பிளந்துகொண்டு கொழுப்பெல்லாம் தட்டில் ஓடிவிட்டது. ஓரம் அடியில்தான் இருக்க வேண்டும். அடுத்த தடவை ஒழுங்காக வந்தது, ஆனால் பச்சை மிளகாயும் சோம்பும் சேர்த்திருந்தேன். பாட்டி "லெக்கர்" (ருசி) என்றார். இரண்டாவதை எடுக்கவில்லை.

பிரெடா அண்ணன்
எனக்கு எங்கட இலங்கை மாலு பணிஸ் (மீன் பன்) ஞாபகம்தான் வந்தது. ஆனால் அது முக்கோணம், உள்ளே மீனும் கிழங்கும், உறைப்பு வேறு. இது முதலில் சப்பென்று இருந்தது. கார்னிவல் இரவில், குளிரில், பியர் கையோடு ஆடிக்கொண்டிருந்த கூட்டத்தின் நடுவே நின்று தின்றபோதுதான் பிடித்துப்போனது. இப்போதும் சட்டைப்பையில் மிளகாய் சோஸ் பாக்கெட் ஒன்று இருக்கும், ஒருவருக்கும் சொல்லவேண்டாம்.

ஐந்தோவன்வாசி
சரி, ஒன்று விட்டுப்போனது. பன்றி சாப்பிடாதவர்கள் கேட்டு வாங்குங்கள். மாட்டிறைச்சி மட்டும் வைத்ததும் உண்டு, சைவமும் உண்டு. ஆறிப்போனால் ஓவனில் சூடாக்குங்கள். மைக்ரோவேவில் வைத்தால் ரொட்டி ரப்பராகிவிடும், நான் வைத்துக் கெடுத்திருக்கிறேன்.