மெகா டிரைவ் 2: 60 ஹெர்ட்ஸுக்குத் தள்ளினா கலர் போயிடுது, என்ன பண்ணலாம்?

தண்டையார்பேட்டை_டிவிகேம்:
சேகாவோட டிவி கேம் மெஷின், பிஏஎல் (நம்ம ஊர் 50 ஹெர்ட்ஸ் கலர் முறை) மெகா டிரைவ் 2. போர்டில இருக்குற ஜம்பரை வெட்டி 50/60 ஸ்விட்ச் போட்டாச்சு. 50-ல கலர் நல்லா வருது. 60-க்குத் தள்ளினா வேகம் சரியாகுது, மேலயும் கீழயும் இருந்த கறுப்புப் பட்டையும் போயிடுது, ஆனா படம் கறுப்பு வெள்ளை. பழைய 21 இன்ச் டியூப் டிவி, மஞ்சள் ஏவி ஜாக் மட்டும்தான். டிவி மெனுவில பிஏஎல், என்டிஎஸ்சி (அமெரிக்க, ஜப்பான் முறை), ஆட்டோ எல்லாம் மாத்தியாச்சு. டிவிக்குப் போற வீடியோ சிக்னலைத் தயாரிக்கிற என்கோடர் ஐசி சிஎக்ஸ்ஏ1145. ஐசி போயிடுச்சா?

ராயபுரம்_சால்டர்:
ஐசி நல்லாத்தான் இருக்கு தம்பி, 50-ல கலர் வருதே. கோளாறு கிளாக்கில.

பிஏஎல் மெஷினோட மாஸ்டர் கிளாக் 53.203424 மெகாஹெர்ட்ஸ். 50-ல அதை 12-ஆல வகுத்தா 4.433619 வரும், பிஏஎல் கலருக்குத் தேவையான அதே எண். 60-க்குப் போனதும் விடிபி (மெஷினோட படம் போடுற சிப்) 15-ஆல வகுக்குது. கிடைக்கிறது 3.5469. என்டிஎஸ்சிக்கு வேண்டியது 3.579545. கிட்டத்தட்ட 33 கிலோஹெர்ட்ஸ் தள்ளி நிக்குது. சில நூறு ஹெர்ட்ஸ் விலகினாலே டிவி கலரை விட்டுடும், அதனால மெனுவில எதை வெச்சாலும் வராது.

4.433619 மெகாஹெர்ட்ஸ் ஆஸிலேட்டர் (தானா கிளாக் கொடுக்குற டப்பா) ஒண்ணு போட்டு, 60-லயும் கலரை பிஏஎல்லாவே அனுப்புங்க. நம்ம ஊர் டியூப் டிவி பெரும்பாலும் இந்த பிஏஎல்-60ஐ எடுத்துக்கும். 5 வோல்ட், 4 கால் டப்பா வாங்குங்க. சின்ன சதுர டப்பான்னா கால் எண்ணை 8 கால் ஐசி மாதிரி எண்ணணும்: 8-ம் கால் 5 வோல்ட், 4 கிரவுண்டு, 5 அவுட்புட். 8-க்கும் 4-க்கும் நடுவில 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர், டப்பாவை ஒட்டியே. 5 வோல்ட்டை என்கோடரோட 12-ம் கால்லயும் கிரவுண்டை 1-ம் கால்லயும் எடுக்கலாம்.

அவுட்புட்டை 1 கே ரெசிஸ்டர் வழியா என்கோடரோட 6-ம் காலுக்கு (கலர் கிளாக் உள்ள போற கால்) கொடுங்க. அதுக்கு முன்னாடி விடிபியிலிருந்து அங்க வர்ற தடத்தை வெட்டியே ஆகணும். வெட்டாம விட்டா ரெண்டு சிக்னலும் கலந்து கலர் அலையடிக்கும். 6-ம் காலுக்கு முன்னாடி கெப்பாசிட்டர் இருந்தா அது இருக்கட்டும், அதுக்கு விடிபி பக்கமா வெட்டுங்க. காலைத் தூக்குறதைவிடத் தடத்தை வெட்டுறது மேல். கால் இடைவெளி 1.27 மில்லிமீட்டர்தான், அவசரப்பட்டா பேட் கையோட வந்துடும்.

என்கோடர் பிஏஎல்லா என்டிஎஸ்சியான்னு முடிவு பண்ற 7-ம் காலையும் பாருங்க. ஸ்விட்ச் எந்தப் பக்கம் இருந்தாலும் அங்க 0 வோல்ட் இருக்கணும். 60-ல 5 வோல்ட் காட்டினா என்கோடரும் என்டிஎஸ்சிக்கு மாறுதுன்னு அர்த்தம். அந்தத் தடத்தையும் வெட்டிட்டுத்தான் 7-ஐ கிரவுண்டு பண்ணணும். வெட்டாம பண்ணினா 5 வோல்ட் ஷார்ட்டாகும்.

தண்டையார்பேட்டை_டிவிகேம்:
நன்றிண்ணா. காயலான் கடை டிவி போர்டில ஒரு 4.43 கிரிஸ்டல் இருக்கு, ரெண்டு கால். அதையே போட்டுடலாமா?

வியாசர்பாடி_போர்டு:
நேரா போட்டா ஒண்ணும் வராது. ரெண்டு கால் கிரிஸ்டல் தானா ஆடாது, ஆட்டுறதுக்கு சர்க்யூட் வேணும். 74எச்சியு04-ல ஒரு கேட்டுக்குக் குறுக்கே கிரிஸ்டலும் 1 மெக் ரெசிஸ்டரும், ரெண்டு பக்கமும் கிரவுண்டுக்கு 27 பிகோஃபாரட். அடுத்த கேட் வழியா வெளிய எடுங்க, சும்மா கிடக்குற கேட்டோட இன்புட்டை எல்லாம் கிரவுண்டு பண்ணிடுங்க. மேல அச்சடிச்சிருக்குற எண்ணையும் படிங்க. சில டிவியில 8.867 இருக்கும், அது ரெண்டு மடங்கு. அதுக்கு 74எச்சி74 வெச்சுப் பாதியாக்கணும். இவ்வளவு பாடுபடுறதுக்கு ரிச்சி ஸ்ட்ரீட் போய் ரெடி ஆஸிலேட்டரே வாங்கிடலாம் என்பது என் கருத்து.

ஒயர் 5 சென்டிமீட்டருக்கு மேல வேண்டாம், நீளமானா படத்தில சாய்கோடு ஓடும். டப்பா உலோகம், அடியில காப்டான் டேப் (சூடு தாங்குற இன்சுலேஷன் டேப்) ஒட்டிட்டு உட்கார வைங்க. ஆன் பண்றதுக்கு முன்னாடி என்கோடரோட 5, 6, 7-ம் கால் ஒண்ணோட ஒண்ணு ஒட்டலைன்னு மல்டிமீட்டரைப் பீப்ல வெச்சுப் பாருங்க.

டிவியை ஆட்டோவில விடாதீங்க. 60 ஹெர்ட்ஸைப் பார்த்ததும் சில செட் என்டிஎஸ்சின்னு முடிவு பண்ணிடும். பிஏஎல்லுன்னு கட்டாயமா வைங்க.

ராயபுரம்_சால்டர்:
இன்னொண்ணு. கலர் வந்த பிறகும் எழுத்தோட ஓரத்தில புள்ளிப் புள்ளியா ஓடும். ஆஸிலேட்டர் தனியா ஓடுது, விடிபியோட பிக்சல் கிளாக்கோட சேராது, அதனாலதான். காம்போசிட்ல, அதாவது அந்த மஞ்சள் ஜாக்கில, அதை நிறுத்த முடியாது. காம்போனென்ட் ஜாக் இருக்குற டிவி கிடைச்சா மெஷினுக்குப் பின்னாடி 9 பின் சாக்கெட்டிலிருந்து ஆர்ஜிபி (சிவப்பு, பச்சை, நீலம் தனித்தனியா) எடுங்க, ஒவ்வொரு கலர் லைனுக்கும் 220 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் கேபிள்லயே போடணும். நேரா காம்போனென்ட் ஜாக்கில குத்தினா படம் சரியா வராது, நடுவில கன்வெர்ட்டர் பெட்டி வேணும்.

கடற்கரைப் பக்கத்து மெஷின்ல அந்த சாக்கெட் பின்னெல்லாம் பச்சை பூத்திருக்கும். முதல்ல ஐபிஏ (ஐசோப்ரொபைல் ஆல்கஹால்) தொட்டுத் துடைங்க, அப்புறம் சால்டரிங் இரும்பை எடுங்க.