பெரியதோட்டத்துக் குழுவில் ஒரு தோட்டாப் பேச்சு

குழு: பெரியதோட்டம் சொந்தங்கள்

முத்து (டெக்சாஸ்), இந்திய நேரம் இரவு 7:42
எல்லாருக்கும் வணக்கம். சித்தப்பாகிட்ட ஒரு விசயம் கேட்கணும். நவம்பர் முதல் சனிக்கிழமை இங்கே வெள்ளைவால் மான் சீசன் திறக்கிறது. ஆபீசில் கூட இருப்பவர் அவருடைய பண்ணைக்குக் கூப்பிட்டிருக்கிறார். வேட்டைப் பாதுகாப்புப் பாடம் முடித்து சான்றிதழ் வாங்கிவிட்டேன், லைசென்ஸும் எடுத்தாச்சு. ரைபிள் அவருடையது, .308 வின்செஸ்டர் என்ற அளவுத் தோட்டா போடுவது. தோட்டா மட்டும் நான் வாங்க வேண்டும். கடையில் அதே .308-க்கு ஒரு அலமாரி நிறையப் பெட்டி இருக்கிறது. எதை எடுப்பது என்று தெரியவில்லை.

அம்மா, 7:45
ஏன் சாமி இந்தப் பாவம் நமக்கு? கறி வேணும்னா கடையில் வாங்கிக்கோ கண்ணு.

முத்து, 7:48
அம்மா, இந்த மாநிலத்தில் மட்டும் 50 லட்சத்துக்கு மேல் மான் இருக்கிறது. ஓநாயும் இல்லை, புலியும் இல்லை. ஒரு ஆள் இத்தனைதான் சுடலாம் என்று மாவட்டத்துக்கு மாவட்டம் அரசு அளவு வைத்திருக்கிறது. சுட்டதை வீணாக்காமல் வீட்டுக்குக் கொண்டு வந்து சாப்பிடப் போகிறேன்.

பெரியப்பா, 7:55
அது அவர்கள் ஊர் வழக்கம், அவர்கள் சட்டம். ஆனால் நம் பையன்கள் யாரும் இதைப் படித்துவிட்டு இங்கே நினைத்துப் பார்க்கவும் கூடாது. 1972 சட்டத்துக்கு அப்புறம் புள்ளிமானைத் தொட்டாலே ஜெயில்தான். கறியை வீட்டில் வைத்திருந்தாலும் வழக்குதான். கிணற்றில் மான் விழுந்து கிடந்தால்கூட நாம் இறங்கக் கூடாது, வனத்துறைக்குத்தான் போன். அப்பாரு பேரில் இருந்த 12-போர் (குழல் அளவு) துப்பாக்கியே பயிர்ப் பாதுகாப்பு லைசென்ஸ்தான். எலெக்சன் வந்தால் அதையும் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டு வருவோம்.

சித்தப்பா (மிலிட்டரி), 8:10
முத்து, பெட்டி மேல் என்ன எழுதியிருக்கிறது என்று போட்டோ போடு.

முத்து, 8:14
(படம்) (படம்) (படம்)

சித்தப்பா (மிலிட்டரி), 8:31
முதல் பெட்டியை அங்கேயே வைத்துவிடு. எப்.எம்.ஜே. என்று போட்டிருக்கிறது பார், ஃபுல் மெட்டல் ஜாக்கெட். நாங்கள் ராணுவத்தில் எஸ்.எல்.ஆர். ரைபிளில் சுட்ட 7.62 மி.மீ. தோட்டாவும் இந்த வகைதான், உன் .308-க்கு ஏறக்குறைய அதே அளவு. குண்டு முழுக்க உறை மூடியிருக்கும், உடம்புக்குள் போனாலும் விரியாது. 1890களில் கல்கத்தா பக்கம் டம்டம் தொழிற்சாலையில் முனை விரியும் குண்டு செய்தார்கள். அது மனுசனை ரொம்பக் கோரமாகக் காயப்படுத்துகிறது என்று 1899-இல் ஹேக் மாநாட்டில் போருக்குத் தடை போட்டார்கள்.

வேட்டையில் கணக்கு தலைகீழ். அங்கே விரியும் குண்டுதான் வேண்டும். விரியாத குண்டு ஊசி மாதிரி இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் போய்விடும். மான் காயத்தோடு காட்டுக்குள் ஓடி எங்கேயோ கிடந்து, மணிக்கணக்கில் தவித்துச் சாகும். அமெரிக்காவிலேயே பல மாநிலங்களில் மான் வேட்டைக்கு எப்.எம்.ஜே. கூடாது. விலை குறைவாக இருக்கிறதே என்று எடுத்துவிடாதே.

அம்மா, 8:33
கேட்கவே வயிறு கலங்குது.

சித்தப்பா (மிலிட்டரி), 8:40
நங்கையா கலங்குவது நியாயம்தான். அதனால்தான் தோட்டாவில் இவ்வளவு பார்க்க வேண்டியிருக்கிறது.

இரண்டாவது பெட்டி சாஃப்ட் பாயிண்ட், 150 கிரெயின். கிரெயின் என்பது குண்டின் எடை. 150 கிரெயின் என்றால் பத்து கிராமுக்குக் கொஞ்சம் கம்மி. உள்ளே ஈயம், மேலே செம்பு உறை, முனை மட்டும் திறந்திருக்கும். பட்டதும் முனை மலர்ந்துகொள்ளும். டெக்சாஸ் மான் பெரிய உடம்பு இல்லை, அதற்கு 150 போதும். 180 எல்லாம் எல்க் என்கிற பெரிய மான் மாதிரி உருப்படிக்கு.

மூன்றாவது முழுச் செம்பு. ஈயமே கிடையாது. முனையில் குழி இருக்கும், பட்டதும் இதழ் இதழாக விரியும். எடை அப்படியே நிற்கும். சாஃப்ட் பாயிண்டில் கணிசமான எடை துகளாக உடம்புக்குள்ளேயே உதிர்ந்துவிடும்.

முத்து, 8:44
நண்பர் தலைமுறையாக ஈயம்தான் சுடுகிறாராம். செம்பு விலை அதிகம், எதற்கு என்கிறார்.

கவிதா அக்கா, 9:20
இப்பதான் ஒரு மாட்டுக்குப் பார்த்துவிட்டு வந்தேன். முத்து, செம்பையே வாங்கு. இதில் எனக்கு இரண்டாவது எண்ணமே இல்லை.

நம் மாயாறு பள்ளத்தாக்கில் பாறுக் கழுகு கூட்டமாக இருந்ததை அப்பா சொல்வாரில்ல? இப்போது தென்னிந்தியாவில் அதுக்கு மிச்சம் இருக்கிற முக்கியமான இடமே அதுதான். அதுகளைக் கொன்றது மாட்டுக்கு வலி குறையப் போட்ட டைக்லோஃபினாக் ஊசி. செத்த மாட்டைத் தின்ற கழுகுக்குச் சிறுநீரகம் போய்விட்டது. 2006-இல் கால்நடைக்கு அதைத் தடை செய்தார்கள், 2023-இல் கீட்டோபுரோஃபெனையும் அசிக்ளோஃபினாக்கையும். நான் மெலாக்சிகாம்தான் போடுகிறேன், அது கழுகுக்கு ஒன்றும் செய்யாது.

அங்கே கலிபோர்னியாவில் காண்டார் என்று ஒரு பெரிய கழுகு. 1982-இல் மொத்தமே இருபத்திச் சொச்சம்தான் மிஞ்சியது. 1987-இல் கடைசிப் பறவை வரை பிடித்துக் கூண்டில் வைத்து இனத்தைப் பெருக்கினார்கள். திரும்ப வெளியே விட்டதுகளையும் அதிகமாகக் கொல்வது ஈயம்தான். வேட்டைக்காரர் மானை அறுத்துக் குடலை அங்கேயே போட்டுவிட்டுப் போகிறார், அதில் குண்டின் தூள் இருக்கிறது, கழுகு தின்கிறது. 2019 ஜூலையில் இருந்து கலிபோர்னியாவில் வேட்டைக்கு ஈயக் குண்டே கூடாது. டெக்சாஸில் மான் வேட்டைக்கு அப்படிச் சட்டம் இல்லை. அங்கேயும் கழுகும் பருந்தும் இருக்கிறதே.

கவிதா அக்கா, 9:24
அப்புறம் பாப்பாவும் அந்தக் கறியைச் சாப்பிடும். ஈயத் தூள் கண்ணுக்கும் தெரியாது, பல்லுக்கும் தட்டாது. 2008-இல் வடக்கு டகோட்டாவில் ஏழைகளுக்குத் தானமாக வந்த மான் கொத்துக்கறியை ஸ்கேன் எடுத்துப் பார்த்ததில் ஈயம் இருந்தது. அதையெல்லாம் தூக்கி எறியச் சொன்னார்கள். குழந்தை உடம்பில் இவ்வளவு ஈயம் இருந்தால் பரவாயில்லை என்று ஒரு அளவே கிடையாது.

அம்மா, 9:26
பாப்பாவுக்குன்னா விலையைப் பார்க்காதே முத்து.

முத்து, 9:30
சரிங்க அக்கா. சித்தப்பா, செம்பில் வேறு ஏதாவது பார்க்கணுங்களா?

சித்தப்பா (மிலிட்டரி), 9:47
இருக்கிறது. ஈயத்தை விட செம்பு லேசு, அதனால் அதே எடைக்கு குண்டு நீளமாக வரும். சில ரைபிளுக்கு அது ஒத்துப்போகாமல் குறி சிதறும், சுட்டுப் பார்த்தால்தான் தெரியும். 150 சிதறினால் 130 எடுத்துப் பார். வேகம் குறைந்தால் செம்பு சரியாக மலராது, அதனால் ரொம்பத் தூரத்தில் இருப்பதைச் சுட நினைக்காதே.

இரண்டு பெட்டி வாங்கு, இரண்டிலும் லாட் நம்பர் (தயாரிப்புத் தொகுதி எண்) ஒன்றாக இருக்கட்டும். ஒரு பெட்டி குறி சரிபார்க்க. உன் நண்பர் ஈயக் குண்டுக்கு ஜீரோ வைத்திருப்பார், அதாவது அந்தக் குண்டு படுகிற இடத்துக்குக் குறியைச் சரிசெய்திருப்பார். உன் குண்டு வேறு இடத்தில் அடிக்கும். 100 கஜத்தில் மூன்று மூன்றாகச் சுட்டு, ரைபிள் மேல் இருக்கும் ஸ்கோப்பை (குறிபார்க்கும் தொலைநோக்கியை) திருத்திக்கொள். மான் பக்கவாட்டில் நிற்க வேண்டும். முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால், உடம்பின் கீழ்ப் பாதியில் குறி. இருதயமும் நுரையீரலும் அங்கேதான்.

பெரியப்பா, 9:52
பின்னால் என்ன இருக்கிறது என்றும் பார்க்கச் சொல். மண்மேடு இருந்தால் மட்டும் சுடணும். அப்பாரு பன்றிக்கே அப்படித்தான் பார்ப்பார்.

அம்மா, 9:55
ஒரே வெடியில் முடியும்னு மனசுக்குப் படலைன்னா விட்டுரு கண்ணு. வெறுங்கையோட வந்தாலும் ஒண்ணும் குறைஞ்சு போகாது.

முத்து, 10:02
சரிம்மா. 150 கிரெயின் செம்பு, இரண்டு பெட்டி, ஒரே லாட். இன்று சாயங்காலமே வாங்கிவிடுகிறேன். சனிக்கிழமை சுட்டுப் பழகும் ரேஞ்சுக்குப் போகிறோம்.

சித்தப்பா (மிலிட்டரி), 10:04
சுட்ட பேப்பரைப் போட்டோ எடுத்து அனுப்பு. மூன்று ஓட்டையும் உள்ளங்கைக்குள் அடங்கினால்தான் பண்ணைக்குக் கிளம்பணும்.

முத்து, 10:05
அனுப்புகிறேங்க சித்தப்பா.