வினாவிடைப் புத்தகங்களை லேடெக்கில் அமைத்தவர்கள், மனதில் நிற்கும் ஒரு அனுபவத்தைச் சொல்லுங்கள்

கல்லெழுத்து

உபதேச வினாவிடையை, அதாவது சமயப் பாடத்தைக் கேள்வி பதிலாக மனப்பாடம் செய்யும் நூலை, லேடெக் என்ற அச்சமைப்பு மென்பொருளில் அமைப்பது எப்படி என்று இங்கே யாருக்கும் விளக்கத் தேவையில்லை. கேள்விக்குத் தானாக எண் போடும் ஒரு கவுண்டர், விடைக்கு அதன் அமைப்பைத் தீர்மானிக்கும் ஒரு சூழல். வழக்கமான ஏற்பாடுதான்.

மறுபதிப்புக்காக என்னிடம் வந்த கோப்பு முன்பு வேறொருவர் செய்தது. பதிப்பாசிரியர்கள் நடுவில் ஒரு கேள்வியைப் புதிதாகச் சேர்த்திருந்தார்கள். அதற்குப் பின்னால் இருந்த எல்லாக் கேள்விகளுக்கும் லேடெக் எண்ணை ஒன்று கூட்டிவிட்டது. உள்ளே "இத்தனையாவது கேள்வியைப் பார்க்க" என்று இருந்த குறுக்குச் சுட்டுகளும் அதற்கேற்ப மாறிக்கொண்டன. புரூஃப் பார்த்தவர்களுக்கு எதுவும் தப்பாகப் படவில்லை. படவும் வழியில்லை, அந்தப் புத்தகத்துக்குள் எல்லாம் சரியாகத்தானே இருந்தது.

அச்சாகி வந்த பிறகு ஒரு வகுப்பில் உட்கார்ந்திருந்தேன். பாடம் நடத்துகிறவர் "முப்பத்து நாலு" என்றார். பிள்ளைகளில் பாதிப் பேர் ஒரு விடையைச் சொல்கிறார்கள், மீதிப் பேர் வேறொன்றைச் சொல்கிறார்கள். சிலர் கையில் பழைய புத்தகம், சிலர் கையில் புதியது. முன் வரிசையில் ஒரு சிறுமி கணீரென்று சொல்லிக்கொண்டு வந்தாள். பக்கத்தில் இருந்தவளின் புத்தகத்தை எட்டிப் பார்த்தாள், பாதி வாக்கியத்தில் நிறுத்திவிட்டாள். அவள் சொல்லிக்கொண்டிருந்தது அவள் படித்த புத்தகத்தில் அப்படியே இருக்கிற விடை. வீட்டில் யாரோ உட்கார்ந்து அந்த எண்ணோடு சேர்த்துச் சொல்லிக்கொடுத்திருப்பார்கள்.

அன்றிலிருந்து எனக்கு இது தீரவே இல்லை. இந்த வகைப் புத்தகத்தில் எண்ணை மென்பொருளிடம் விடலாமா?

ஓரவெளி

விடலாம் என்றுதான் சொல்வேன். கையால் எண் போட்டால் ஒன்று விட்டுப்போகும், இல்லாவிட்டால் இரண்டு முறை வரும். கல்லெழுத்து சொன்னது பதிப்பாசிரியர்கள் பார்த்திருக்க வேண்டிய விஷயம், அதில் லேடெக்குக்குப் பங்கில்லை. எனக்கு உறுத்துவது வேறு: கேள்வி ஒரு பக்கத்தின் அடியிலும் விடை மறுபக்கத்திலும் விழுவது.

ஒரு பெரியவர் படிப்பதைப் பார்த்தேன். விடையின் மேல் ஒரு அட்டையை வைத்து மூடிக்கொள்வார், கேள்வியை வாசிப்பார், விடையைச் சொல்லிப் பார்ப்பார், அட்டையை ஒரு வரி கீழே இறக்குவார். அதுதான் அவர் படிக்கிற முறை. வலப்பக்கத்தின் கடைசி வரியில் கேள்வி வந்ததும் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே வைப்பது என்று தெரியாமல் இரண்டு பக்கத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

இது ஏன் அடிக்கடி நடக்கிறது என்று பலருக்குத் தெரிவதில்லை. விடையை 'கோட்' சூழலில் வைத்திருப்பார்கள். அது உள்ளே ஒரு பட்டியல். பட்டியல் தொடங்கும் இடத்தில் பக்கத்தை முறிப்பது நல்லது என்று லேடெக்கின் வழக்கமான வகுப்புகளே (நூலின் பொது அமைப்பை வரையறுக்கும் கோப்புகள்) சொல்லிவைத்திருக்கின்றன. பிகின்பார்பெனால்டி என்கிற அளவு அங்கே மைனஸ் 51. எது பிரியவே கூடாதோ, அந்த இடத்தில் பிரி என்று ஊக்கம் கொடுக்கிறது! கேள்விக்குப் பின்னால், இங்கே பக்கத்தை முறிக்காதே என்னும் நோபேஜ்பிரேக் போட்டும் பலன் இல்லை என்று புலம்புகிறவர்கள் இதைப் பார்க்க வேண்டும். அதற்கு அடுத்தாற்போல் இந்த மைனஸ் 51 வந்து நிற்கிறது, முறிவு அங்கே நடந்துவிடும். விடைச் சூழலுக்குள் அந்த அளவை 10000 ஆக்குங்கள், முறிக்கவே கூடாது என்று அர்த்தம். அப்புறம் கேள்விக்கு முன்னால் நீட்ஸ்பேஸ் பேக்கேஜை (லேடெக்குக்குக் கூடுதல் வசதி தரும் துணைக் கோப்பு) வைத்து நான்கு வரி இடமாவது இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இடம் இல்லாவிட்டால் கேள்வியே அடுத்த பக்கத்துக்குப் போகட்டும். அடியில் வெற்றிடம் விழும், விழட்டும். 'புக்' வகுப்பு எல்லாப் பக்கத்தையும் ஒரே உயரத்துக்கு இழுக்கப் பார்க்கும், பத்திகளுக்கு நடுவே அசிங்கமாக இடைவெளி விரியும். ராகெட்பாட்டம் என்று ஒரு வரி சேர்த்தால் அது நிற்கும்.

விடை ஒரே சொல்லாக இருக்கும் புத்தகங்களுக்கு இவ்வளவு தேவையில்லை. ஆறுமுக நாவலரின் சைவ வினாவிடையில் பல விடைகள் ஒரு வரிக்குள் முடிந்துவிடும். அங்கே கேள்வியையும் விடையையும் ஒரே பத்தியாகவே விட்டுவிடலாம்.

அடிக்குறிப்பு27

பெயரிலேயே என் கதை இருக்கிறது. விடை ஒவ்வொன்றுக்கும் வேத வசன ஆதாரம் அடிக்குறிப்பாக வர வேண்டும், எண்ணாக வந்தால் கேள்வி எண்ணோடு குழம்பும், அதனால் எழுத்துக் குறி வேண்டும் என்றார்கள். சீர்திருத்தக் கிறிஸ்தவ சபைகளின் வெஸ்ட்மின்ஸ்டர் சிறு வினாவிடை மாதிரி. அது 1647இல் முடிந்தது, ஆதார வசனங்கள் 1648இல் சேர்ந்தன, மொத்தம் 107 கேள்வி. ஆங்கில எழுத்தையே குறியாக வைத்தேன்.

முதல் சில பக்கங்கள் அழகாக வந்தன. திடீரென்று கம்பைல், அதாவது கோப்பைப் பக்கங்களாக மாற்றும் வேலை, நின்றது. "கவுண்டர் டூ லார்ஜ்." இவ்வளவுதான் செய்தி. எந்தக் கவுண்டர் என்று சொல்லாது. கேள்விக் கவுண்டர் என்று நினைத்து எல்லோரும் அதையே நோண்டிக்கொண்டிருந்தோம், குழுவில் இருந்த ஒருவர் மட்டும் திரையைப் பார்க்காமல் தாளில் வசனங்களை எண்ணிக்கொண்டிருந்தார். "இருபத்தாறோடு எழுத்து தீர்ந்துபோச்சு, இருபத்தேழாவதுக்கு அது எங்கே போகும்?" என்றார். அந்த நிமிடம் இன்னும் அப்படியே ஞாபகத்தில் இருக்கிறது.

ஃபுட்மிஸ்க் பேக்கேஜில் பெர்பேஜ் என்று கொடுத்தால் பக்கத்துக்குப் பக்கம் குறி புதிதாகத் தொடங்கும். தொடர்ச்சியாகவே வேண்டுமென்றால் ஆல்ஃபால்ஃப் பேக்கேஜ் இருக்கிறது, அது இருபத்தாறைத் தாண்டினால் இரட்டை எழுத்துக்குப் போகும்.

ஓரவெளி சொன்ன நீட்ஸ்பேஸ் வழி அடிக்குறிப்பு நிறைந்த புத்தகத்தில் பலிக்காது, சொல்லிவிடுகிறேன். பக்கத்தில் இப்போது மிச்சம் எவ்வளவு என்று மட்டும்தான் அது பார்க்கும். இனி வரப்போகிற விடை தன்னோடு இழுத்துவரும் அடிக்குறிப்புகள் அந்தக் கணக்கில் இல்லை. நான்கு வரி இருக்கிறது என்று நம்பிக் கேள்வியை வைக்கும், ஐந்து வசனக் குறிப்பு வந்து அந்த இடத்தை எடுத்துக்கொள்ளும், விடையின் பின்பாதி மறுபக்கம் போகும்.

நிலைபதிப்பு

ஓரவெளி, எண் விஷயத்தில் நீங்கள் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. மற்ற புத்தகத்தில் எண் ஒரு முகவரி. வினாவிடையில் எண் பாடத்தின் ஒரு பகுதி, மனப்பாடம் செய்கிறவர் அதையும் சேர்த்துத்தான் வாங்கிக்கொள்கிறார். ஜெர்மன் சமயச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர் 1529இல் தன் சிறு வினாவிடைக்கு எழுதிய முன்னுரையில் இதற்குக் கிட்டத்தட்டப் பதில் இருக்கிறது. ஏதாவது ஒரு வடிவத்தைத் தேர்ந்துகொள்ளுங்கள், அதை மாற்றாமல் ஆண்டுதோறும் அப்படியே சொல்லிக்கொடுங்கள், இன்று ஒரு விதம் அடுத்த ஆண்டு ஒரு விதம் என்றால் இளையவர்களும் எளியவர்களும் குழம்பிப்போவார்கள் என்கிறார். கல்லெழுத்து பார்த்த அந்தச் சிறுமி அப்படித்தான் குழம்பினாள்.

கேள்வி சேர்வது புதிதும் இல்லை. ஜெர்மனியில் 1563இல் வந்த ஹைடல்பர்க் வினாவிடையின் முதல் பதிப்பில் இன்றைய 80ஆம் கேள்வி கிடையாது, அதே ஆண்டு அடுத்த பதிப்பில் சேர்த்தார்கள். இன்று 129 கேள்வி, 52 ஞாயிறுகளுக்குப் பிரித்தது. அந்த எண்கள் நிலைபெற்றுவிட்டன. இனி அதில் ஒரு எண்ணை நகர்த்தினால் எல்லா ஊழியர் கையேடும், எல்லாப் பிரசங்கக் குறிப்பும் தப்பாகிவிடும்.

என் அனுபவம் சின்னது. அப்படி ஒரு நூலில் ஞாயிறு மாறும் இடத்தில் கேள்வி எண் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கியிருந்தது. யாரோ கேள்விக் கவுண்டரை ஞாயிறுக் கவுண்டருக்குள் கட்டிவைத்திருந்தார்கள். புத்தகத்தில் 52 முறை "வினா 1." கவுண்டர்விதவுட் என்ற கட்டளையால் கட்டை அவிழ்த்தேன்.

அதனால் என் முறையைச் சொல்கிறேன், கேட்டாலும் கேட்காவிட்டாலும். கேள்விக் கட்டளைக்கு எண்ணையும் ஒரு உள்ளீடாகக் கொடுங்கள். எண் மூலப் பிரதியிலிருந்து வரட்டும், கவுண்டர் பின்னால் ஓடிக்கொண்டு சரிபார்க்கட்டும். கொடுத்த எண்ணும் கவுண்டரின் எண்ணும் ஒத்துப்போகாவிட்டால் எச்சரிக்கை வர வேண்டும். விட்டுப்போகும், இரண்டு முறை வரும் என்று ஓரவெளி பயந்தாரே, அதற்கும் இதுவே காவல். புதிய கேள்வி சேர்ந்தால் 33அ என்று போடுங்கள், அந்த ஓரிடத்தில் மட்டும் கவுண்டரை நிறுத்திவையுங்கள். லேபிளுக்கு எண்ணைப் பதிவு செய்யும் ரெஃப்ஸ்டெப்கவுண்டர் கட்டளை வழியாகவே போங்கள், இல்லாவிட்டால் லேபிள் (சுட்டுவதற்காக ஓர் இடத்துக்கு வைக்கும் பெயர்) வேறு எதையோ சுட்டும். சுட்டுகளைச் சொடுக்கும் இணைப்புகளாக்கும் ஹைப்பர்ரெஃப் பேக்கேஜைப் பயன்படுத்தினால் 33க்கும் 33அவுக்கும் ஒரே இலக்கு உருவாகி 'டூப்ளிகேட்' எச்சரிக்கை வரும், அதற்கு அந்தக் கவுண்டரின் 'தஎச்' வடிவத்தையும் (இணைப்பின் உள்பெயர்) தனியே வரையறுக்க வேண்டும். லேபிளுக்கு எண்ணைப் பெயராக வைக்காதீர்கள். "ஞானஸ்நானம்-பொருள்" என்பது மாதிரி உள்ளடக்கத்தை வைத்துப் பெயரிட்டால் பத்து வருடம் கழித்துக் கோப்பைத் திறக்கிறவருக்கும் புரியும்.

கொம்புக்கால்

எண்ணும் பக்கமும் இருக்கட்டும், எழுத்தே தப்பாக வந்ததைப் பார்த்திருக்கிறீர்களா? லேடெக்கின் யூனிகோட் வடிவமான ஸீலேடெக்கில் எழுத்துருவை மட்டும் கொடுத்து, எழுத்துருவைக் கையாளும் ஃபான்ட்ஸ்பெக் பேக்கேஜில் ஸ்கிரிப்ட் தமிழ் என்று சொல்லாமல் விட்ட கோப்பு. "தேவன்" என்ற சொல்லில் இரட்டைக் கொம்பு 'த'வுக்குப் பின்னால் போய் நிற்கிறது, பக்கம் முழுக்க, எத்தனை முறை அந்தச் சொல் வருகிறதோ அத்தனை முறை. கொண்டுவந்தவர் பக்கத்தை என்னிடம் காட்டாமல் கையால் மூடிக்கொண்டார். கடவுளின் பெயர் சிதைந்து கிடப்பதை அவரால் பார்க்க முடியவில்லை. ஒரு சொல் சேர்த்ததும் சரியாகிவிட்டது.

அதே கோப்பில் கேள்வியைச் சாய்வெழுத்திலும் விடையை நேரெழுத்திலும் வைக்கச் சொல்லியிருந்தார்கள். பெரும்பாலான தமிழ் எழுத்துருக்களில் சாய்வு கிடையாது. லேடெக் பதிவுக் கோப்பில் ஒரு எச்சரிக்கையைப் போட்டுவிட்டு நேரெழுத்திலேயே அச்சிடும். கேள்வி எது விடை எது என்று கண்ணுக்குத் தெரியாது. தடித்த எழுத்தும் தமிழில் பத்திக்கணக்கில் வந்தால் கண்ணை உறுத்துகிறது. கேள்வியின் எண்ணை மட்டும் தடிப்பாக வைத்து, விடையைக் கொஞ்சம் உள்ளே தள்ளினால் போதும். தள்ளும் அளவைக் கடைசி எண்ணை வைத்து முடிவு செய்யுங்கள். எனம்ஐடெம் பேக்கேஜில் வைடெஸ்ட் என்பதற்கு 129 என்று கொடுத்தால் மூன்று இலக்கத்துக்கும் இடம் இருக்கும். ஒற்றை இலக்கத்தை வைத்து அழகு பார்த்தால் நூறாவது கேள்வியில் எண் ஓரத்துக்கு வெளியே நீளும்.

வெற்றுவிடை

நிலைபதிப்பு சொன்ன சரிபார்க்கும் கவுண்டர் எனக்குப் பிடித்திருக்கிறது, ஒன்று மட்டும் சேர்க்கிறேன். தேர்வுக்காகக் கேள்விகள் மட்டும் உள்ள பிரதி கேட்பார்கள். காமென்ட் பேக்கேஜால் விடைச் சூழலை முழுவதும் விலக்கினால் போதும் என்று செய்வோம். என் கைக்கு வந்த கோப்பில் எண்ணைக் கூட்டும் கட்டளை விடைக்குள் இருந்தது. விடை போனதும் எண் கூடுவதும் போனது, எல்லாக் கேள்விக்கும் ஒரே எண். அச்சுக்குப் போவதற்கு முன்தினம் மாலை கண்ணில் பட்டது.

எண்ணைக் கேள்விக்குள் வைத்த பிறகும் ஒரு சிக்கல் மிச்சம். விடைக்குள் இருந்த லேபிள்களும் விலக்கப்பட்டுவிட்டதால் அவற்றைச் சுட்டிய இடங்களில் எல்லாம் இரட்டைக் கேள்விக்குறி. எத்தனை முறை கம்பைல் செய்தாலும் போகாது. லேபிளைக் கேள்விப் பக்கமே வையுங்கள். கல்லெழுத்து, உங்கள் மறுபதிப்புக் கோப்பில் இது எங்கே இருக்கிறது என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். அடுத்து உங்களிடம் கேட்கப்போவது அந்தக் கேள்விப் பிரதியாகத்தான் இருக்கும்.